இட்டேரியில் நான் போட்ட ரோடு

முப்பத்திரண்டு வயதுக்காரன் பணி அனுபவம் எழுத உட்கார்ந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். அடுத்த மாதத்திலிருந்து எனக்குக் கோயம்புத்தூர் ஆபீஸில் மேசை வேலை. சைட்டைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன்தான். காற்றாலை நிறுவும் வேலைக்கு என் இடத்தில் நீங்கள் போகிறீர்கள். நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், அடித்தளக் கான்கிரீட்டை எத்தனை நாள் நனைக்க வேண்டும் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒரு செப்டம்பர் மாதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் தப்புச் செய்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். அப்போதுதான் நம் பக்கத்து மில்காரர்கள் ஒவ்வொருவராகக் காற்றாலை போட ஆரம்பித்தார்கள். மில்லுக்குக் கரண்ட் போதவில்லை. நிலக்கரியை எரித்துக் கரண்ட் எடுத்தால் புகை. அந்தப் புகையால் பூமி சூடாகிறது, மழை தப்புகிறது என்று உலகமெங்கும் பேச்சு எழுந்திருந்தது. காற்றிலிருந்து கரண்ட் எடுப்பவருக்கு வருமான வரியில் பெரிய சலுகை என்று சர்க்கார் சொன்னது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு நேராகப் பல்லடமும் உடுமலையும் இருந்ததால் நம் கம்பெனிக்கு மூச்சு விட நேரமில்லாமல் வேலை வந்தது.

இந்தச் சலுகைக்கு ஒரு கெடு உண்டு. செப்டம்பர் முடிவதற்குள் இயந்திரம் ஓடிவிட்டால் அந்த வருடத்துக்கு முழுச் சலுகை. ஒரு நாள் தாண்டினாலும் பாதிதான். அதனால் செப்டம்பர் மாதத்தில் சைட் இன்ஜினீயர் யாரும் சொந்தக் கல்யாணத்துக்குக்கூட லீவு கேட்க மாட்டான்.

நான் சொல்லும் சைட் பல்லடத்துக்குத் தெற்கே ஒரு மேட்டு நிலம். முந்தின வருடம் அங்கே நான்கு இயந்திரம் நிறுத்தியிருந்தோம். இந்த வருடம் இன்னும் மூன்று. கோபுரத் துண்டுகளும் இறக்கைகளும் ஏற்கெனவே மேட்டுக்குப் போய்விட்டன. கெடுவுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. கிரேன் மட்டும் ஏற வேண்டும்.

அது ஏறும் வழி ஓர் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி அடைத்த வண்டித்தடம். நம் பக்கத்தில் காடு என்று சொல்லும் மானாவாரி நிலங்களுக்கு நடுவே பள்ளமாக வளைந்து போகும். யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு என்பதால் நிலம் வாங்க வேண்டியதில்லை. பஞ்சாயத்துத் தீர்மானம் போதும். முந்தின வருடம் அதில் கிராவல் கொட்டி ரோடாக்கியவன் நான்தான்.

காலை எட்டு மணிக்குச் சைட் கொட்டகைக்கு ஆள் ஓடி வந்தான். கிரேனை மறித்துவிட்டார்கள் என்றான். நான் இறங்கிப் போனபோது இட்டேரியின் வாயில் கிரேன் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றது. அதன் முன்னால், இந்த வேலியிலிருந்து அந்த வேலி வரைக்கும் கயிறு கட்டி, அதில் வரிசையாக இருபது ஆடு. ஆடுகளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கிரேன் ஓட்டுகிற பாய், உக்கடத்துக்காரர், வாளியில் தண்ணீர் மொண்டு ஆடுகளுக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், நீங்களும் அவங்க கட்சியா?"

"தொண்டாமுத்தூருப் பக்கம் யானை வந்துச்சுன்னு வண்டிய நிறுத்தியிருக்கேன் சார். ஆட்டுக்கு நிறுத்தறது இதுதான் மொத வாட்டி. அதுக்குத் தாகமா இருக்குது. கட்சி என்ன கட்சி."

பெண்களில் ஒருவர் எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். ராமாத்தாள் என்று பெயர். நாலு ஏக்கர் காடு, ஒரு கிணறு, இந்த ஆடுகள். அவ்வளவுதான் அவர் சொத்து.

"ஏனுங் தம்பி, நீங்கதான் இன்ஜினீருங்களா?"

"ஆமாங்க."

"இருக்கற காத்தாடி பத்தாதுங்களா? இன்னும் மூணு நடோணுமாக்கும்."

"நட்டா உங்க ஊருக்கும் நல்லதுதானுங்க."

"நல்லது எங்கெங்க வந்துச்சு. நீங்க காத்தாடி நட்ட வருசம் எங்க குட்டை ரொம்பலீங்க. குட்டை ரொம்பாததால என்ற கெணத்துல தண்ணி ஊறலீங்க. தையிலயே வறண்டுபோச்சு. ரெண்டு கறவை மாட்டைப் பங்குனில வித்துப்போட்டேன். இன்னும் ஒரு வருசம் இப்படிப் போச்சுன்னா இந்த ஆட்டையும் வித்துப்போட்டுத் திருப்பூரு பனியன் கம்பெனிக்குத்தான் போகோணும். காத்தாடி மேகத்தைக் கலைச்சுப் போடுதுங்க. எல்லாருந்தான் பாக்கறோம்."

இங்கேதான் என் முதல் தப்பு ஆரம்பிக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை, உற்சாகம் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் முதலாகப் படித்தவன் நான். படித்ததைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடமாட்டேன். கிரேனின் படிக்கட்டில் ஏறி நின்றுகொண்டு, மேகம் எவ்வளவு உயரத்தில் போகிறது, நம் இயந்திரம் எவ்வளவு உயரம், இறக்கை சுற்றுவதால் மேகம் ஏன் கலையாது என்று பாடம் எடுத்தேன். நிலக்கரிப் புகைதான் மழையைக் கெடுக்கிறது, இந்த இயந்திரம் அந்தப் புகையைக் குறைக்கத்தான் வந்திருக்கிறது என்றும் சொன்னேன். எல்லாம் நிஜம். பொறுமையாகக் கேட்டார்கள். முடித்ததும் ராமாத்தாள் அம்மா கேட்டார்.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

"அன்னூருப் பக்கங்க."

"எந்தத் தோட்டமுங்க?"

"தோட்டமெல்லாம் இல்லீங்க. எங்கப்பா கூலிக்காரருங்க."

"அப்படிங்களா. நல்லாப் பேசறீங்க கண்ணு. ஆட்டை அவுக்க மாட்டோமுங்க."

மத்தியானம் பல்லடம் போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. அவர் மேல், நம் கம்பெனியிலும் பெரிய பங்கு வைத்திருந்த மில் முதலாளியின் நெருக்கடி, அது அப்படியே என் மேல் இறங்கியது.

"நாளன்னைக்குக் காலைல போலீசு வருது. நான் பேசிட்டேன். நீ அதுவரைக்கும் ஒண்ணும் பேசாம இரு. நீ பேசுனா இருக்கற வேலை கெட்டுப்போகும்."

"சார், நாளைக்கு ஒரு நாள் குடுங்க. போலீசு இல்லாம முடிச்சுக் காட்டறேன்."

"எப்படி?"

"கணக்கு வெச்சுங்க சார்."

நேராகத் தாலுகா ஆபீஸுக்குப் போனேன். மழைமானியில் தினமும் அளந்து எழுதும் பதிவேடு அங்கே இருக்கும். கிளார்க் முதலில் நாளைக்கு வா என்றார். டீ வாங்கிக் கொடுத்து, என் நிலைமையைச் சொல்லி, சாயங்காலம் ஆபீஸ் சாத்துவதற்குள் ஐந்து வருடத்து மழைக் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுத எழுத எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காத்தாடி வந்த வருடம் மழை குறையவே இல்லை. அதற்கு முந்தின வருடங்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே பெய்திருந்தது.

மறுநாள் அதே இட்டேரி வாயில். அதே ஆடுகள், அதே பெண்கள். இந்த முறை ஆண்களும் வந்திருந்தார்கள். நோட்டைப் பிரித்து வருடம் வருடமாக, மாதம் மாதமாக நிதானமாகப் படித்தேன். கடைசியில், இது கம்பெனிக் கணக்கு அல்ல, சர்க்கார் கணக்கு, சந்தேகம் இருந்தால் யார் வேண்டுமானாலும் தாலுகா ஆபீஸில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி நோட்டை மூடினேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஓர் ஆள் பக்கத்தில் இருந்தவரிடம், "போன ஐப்பசில மூணு நா ஊத்துச்சு. அது நெசந்தானே" என்றார். இன்னொருவர் தலையாட்டினார். கூட்டம் எனக்குச் சாதகமாகத் திரும்புவது தெரிந்தது.

ராமாத்தாள் அம்மா மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு சண்டை போடுகிற குரலில் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார்.

"சரிங் தம்பி. மழை பேஞ்சுதுன்னே வெச்சுக்கலாம். அப்ப அந்தத் தண்ணி எங்கெங்க போச்சு?"

 கையில் இருந்த நோட்டு ஒரே நொடியில் அவர்கள் பக்கத்துச் சாட்சியாக மாறிவிட்டது. மழை பெய்யவில்லை என்றால் யார் மேலும் குற்றமில்லை. மழை பெய்தும் குட்டை நிறையவில்லை என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. அதை நிரூபித்தவன் நானே.

"வாங்க, பாக்கலாமுங்க" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

குட்டை இட்டேரியின் கீழ்க்கோடியில் இருந்தது. தரை வெடித்து, நடுவில் கருவேலங்கன்று முளைத்திருந்தது. அங்கிருந்து இட்டேரி வழியே மேல்நோக்கி நடந்தோம். நானும் அந்தம்மாவும் முன்னால், பாயும் மற்றவர்களும் பின்னால். பாதித் தூரத்தில் ஒரு வளைவு. இட்டேரியிலேயே பள்ளமான இடம் அதுதான். கிரேன் சக்கரம் அங்கே புதைந்துவிடும் என்று முந்தின வருடம் இடுப்பளவுக்குக் கிராவல் கொட்டி மேடாக்கியிருந்தோம். நீளமான இறக்கை லாரி திரும்புவதற்காக வலப்பக்கத்துக் கிளுவை வேலியை இருபதடிக்கு வெட்டியும் விட்டிருந்தோம்.

மேட்டின் மேல்பக்கம் நின்று பார்த்தபோது எல்லாம் எழுதி வைத்தது போலத் தெரிந்தது. எங்கள் கிராவலின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு வண்டல் படிந்த கோடு. அந்தக் கோடு வலப்பக்கம் திரும்பி வெட்டிய வேலி வழியாக வெளியே போயிற்று. அங்கே தரிசாகக் கிடந்த காட்டை அறுத்துக்கொண்டு ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு புதுக் கால்வாய். அது நேராகப் பெரிய ஓடைக்குப் போய்ச் சேர்ந்தது. குட்டைக்குப் போக வேண்டிய ஒரு வருடத்துத் தண்ணீர், மேகம் எதுவும் கலையாமல், அந்த வழியாக ஊரைத் தாண்டிப் போயிருந்தது.

 பின்னால் வந்தவர்களில் ஒரு பெரியவர் குனிந்து வண்டலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இத்தன நாளு ஆகாசத்தப் பாத்தே வஞ்சுட்டு இருந்திருக்கறோம்" என்றார்.

எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை எப்படிச் சொல்ல. அன்னூரில் நான் பள்ளிக்கூடம் போனதே இட்டேரி வழியாகத்தான். ஐப்பசி மாதத்தில் அதில் தொடையளவு தண்ணீர் போகும். பைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, டவுசரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன். நம் பக்கத்தில் இட்டேரி என்றால் வெயில் காலத்தில் வண்டிக்குப் பாதை, மழைக்காலத்தில் தண்ணீருக்குப் பாதை என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் வரைபடத்தில் அது 'வண்டித்தடம்' என்று இரட்டைக் கோடாக இருந்தது. ஆபீஸில் இரண்டு வருடம் இருந்த பிறகு நானும் அதை இரட்டைக் கோடாகத்தான் பார்த்தேன்.

அது மட்டுமல்ல. அந்த வளைவில் இரண்டு சிமெண்ட் குழாய் பதிக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே குறித்திருந்தது. வரைந்தவர் நம் ஆபீஸில் இருந்த ஒரு டிராப்ட்ஸ்மேன். மேட்டு நிலத்தில் எங்கே மண்ணைக் கொட்டினாலும் ஒரு குழாய் போட்டு வை என்பது அவர் பழக்கம். முந்தின வருடம் குழாய் லாரி நான்கு நாள் தாமதமாயிற்று. கிரேன் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. கிரேன் போகட்டும், குழாயை அப்புறம் பதிக்கலாம் என்று முடிவு செய்தவன் நான். குழாய் வந்தது. நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் கைதட்டினோம், கேசரி சாப்பிட்டோம், அடுத்த சைட்டுக்குப் போனோம். குழாய்கள் மேட்டில் ஸ்டோர் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தன. வெயில் நேரத்தில் அவற்றுக்குள் நாய் படுத்துத் தூங்கும்.

இதை அவர்களிடம் சொல்வதா, வேண்டாமா? சொல்லாமலே, 'பாத்தீங்களா, காத்தாடி மேல தப்பில்லை, ரோட்டைச் சரி பண்ணிடறோம்' என்று நழுவியிருக்கலாம். வளைவில் நின்றுகொண்டே சொன்னேன்.

"அம்மா, இங்க குழாய் போட்டிருக்கோணும். போடாம உட்டது நாந்தானுங்க."

ராமாத்தாள் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகம் இருந்தது.

"ஏனுங் போடலே?"

"அவசரமுங்க. கிரேன் போனதுக்கு அப்புறமேட்டுக்குப் போடலாம்னு உட்டுட்டேனுங்க."

"இப்ப என்ன செய்யறதா உத்தேசம்?"

"போட்டுத் தரேனுங்க."

"எப்ப? இந்தக் கிரேனும் போனதுக்கு அப்புறமேட்டுக்குங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் என் மனதில் அந்த நேரம் ஓடிய கணக்கு அதுவேதான். கிரேனை முதலில் மேலே ஏற்றிவிட்டால் கெடுவுக்குள் மூன்று இயந்திரமும் நின்றுவிடும். அப்புறம் நிதானமாகக் குழாய் பதிக்கலாம். மனப்பூர்வமாகத்தான் நினைத்தேன். முந்தின வருடமும் மனப்பூர்வமாகத்தான் நினைத்திருந்தேன்.

பாயைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "இப்ப வெட்டிக் குழாயப் பதிச்சு மூடுனா உங்க வண்டி ஏறுமா?"

"புது மண்ணுல ஏறாது சார். தண்ணி ஊத்தி, ரோலர் ஓட்டி, அஞ்சு நாளாவது கெட்டிக்கணும். மேல இரும்புப் பிளேட் போட்டுக் குடுத்தா நான் ஏத்திடறேன்."

"அஞ்சு நாள் போச்சுன்னா மூணு மெஷின் முடியுமா?"

"காலைல காத்து அடங்கி இருக்கற நேரத்துலதான் இறக்கையத் தூக்க முடியும். ரெண்டு முடியும். மூணாவது அல்லா விட்ட வழி." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க வேலை போனா எங்கிட்ட வாங்க சார். கிரீஸ் அடிக்க ஆள் வேணும்."

மேனேஜருக்குப் போன் செய்தால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்றபின் வெட்டினால் அது வேறு கதை. போன் செய்யாமலே பொக்லைனைக் கூப்பிட்டு, வளைவின் நடுவே என் ரோட்டைக் குறுக்காக வெட்டச் சொன்னேன். கேட்காமல் செய்ததை ஒரு வீரமாக உங்களிடம் சொல்லவில்லை. அது என் இரண்டாவது தப்பு. இத்தனை தைரியம் இருந்தவன் போனை எடுத்துச் சொல்லிவிட்டே செய்திருக்கலாம். சாயங்காலம் பூத்துக்குப் போய்ச் சொன்னேன்.  

"வெட்டியாச்சா?"

"வெட்டிப்போட்டேனுங்க சார்."

போன் வைக்கப்பட்டது.

போலீசு வர வேண்டாம் என்று சொல்ல எங்கள் இருவருக்குமே ஞாபகம் வரவில்லை. மறுநாள் காலை ஜீப்பில் ஓர் எஸ்.ஐ.யும் நாலு காவலரும் வந்து இறங்கினார்கள். இட்டேரியில் ஆடுகள் இல்லை. ரோட்டின் குறுக்கே நெஞ்சளவுப் பள்ளம். உள்ளே நான் சேற்றுக் காலோடு நின்று குழாய்க்கு அடிமட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் ராமாத்தாள் அம்மாவும் பெண்களும் சட்டியில் மண் சுமந்துகொண்டிருந்தார்கள்.

எஸ்.ஐ. கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார்.

"ரோட்டை மறிச்சது யாருய்யா?"

"நாந்தானுங்க சார்."

"நீ யாரு?"

"கம்பெனி இன்ஜினீருங்க."

"புகார் குடுத்தது யாரு?"

"எங்க கம்பெனிதானுங்க."

அவர் தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். ராமாத்தாள் அம்மா மண்சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "மோரு இருக்குதுங்க, குடிச்சுப்போட்டுப் போங்க" என்றார். குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

வரைபடத்தில் குறித்த இடத்திலேயே இரண்டு குழாயையும் பதித்தோம். வெட்டிய வேலியில் மறுபடி கிளுவைக் குச்சிகளைப் போத்தாக நட்டு, அதன் ஓரம் மண்ணணை போட்டோம். ஆறாம் நாள் இரும்புப் பிளேட்டின் மேல் பாய் கிரேனை ஏற்றினார். செப்டம்பர் கடைசிக்குள் இரண்டு இயந்திரம் ஓடியது. மூன்றாவதன் கோபுரம் மட்டும் நின்றது. இறக்கையைத் தூக்கக் காற்று விடவில்லை.

கோயம்புத்தூருக்கு அழைத்தார்கள். மில் முதலாளி, மேனேஜர், நான். முதலாளி என்னை உட்காரச் சொன்னார். அது இன்னும் பயமாக இருந்தது.

"ஏப்பா, உன்ற ரோட்டை நீயே வெட்டுனயாமா?"

"ஆமாங்க."

"ஒரு மெஷினுக்குப் பாதிச் சலுகை போச்சு. அது எவ்வளவுன்னு தெரியுமா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுதான் வெட்டுனயா?"

"அந்தக் குழாயப் போட்டிருந்தா போன வருசம் நாலு நாள் வாடகைதானுங்க செலவு. போடாததால ஒரு ஊரு கெணறெல்லாம் வத்துச்சுங்க. அந்தச் செலவு நம்ம கணக்குல வராததால நமக்குத் தெரியலீங்க. இந்த வருசம் அது திரும்பி நம்ம கணக்குக்கு வந்திருக்குதுங்க."

பேசி முடித்தபின்தான் யாரிடம் பேசுகிறேன் என்பது உறைத்தது.  முதலாளி மேனேஜர் பக்கம் திரும்பி, "இவனுக்கு இந்த வருசம் இன்கிரிமெண்ட் வேண்டாம். ஆனா அந்த சைட்டுல இருந்து மாத்தாதீங்க" என்றார். அது தண்டனையா, சலுகையா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். காற்றில் எடுக்கும் கரண்ட் நல்லது என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. புகை குறைய வேண்டும். மழை முன்னைப் போல நாள் தவறாமல் வருவதில்லை என்பதை மானாவாரிக் காட்டுக்காரரைவிட நன்றாக யாரும் நமக்குச் சொல்லித் தர முடியாது. அதனாலேயே வருகிற மழையில் ஒரு சொட்டையும் நாம் திருப்பிவிடக் கூடாது. பூமிக்கு நல்லது செய்யப் போகிறோம் என்ற நினைப்பு இருக்கிறதே, அது கண்ணை மறைக்கும். நாம் செய்வது நல்ல வேலை, ஆகவே எதிர்க்கிறவர் விவரம் இல்லாதவர் என்று மனது தானாகவே முடிவு கட்டிவிடும். அவர் சொல்லும் காரணம் தப்பாக இருக்கலாம். அவர் கிணறு வற்றியது தப்பில்லை. காரணத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். கிணற்றடிக்குப் போங்கள்.

அக்டோபர் முழுக்க வானம் பார்த்தேன். ஐப்பசி பிறந்து பத்து நாள் ஆகியும் மழை இல்லை. ஊரில் மறுபடியும் ஒன்றிரண்டு பேர் காத்தாடியை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் பிடித்துக்கொண்டது. நான் ஆபீஸ் வேலையாகக் கோயம்புத்தூரில் இருந்தேன். கிடைத்த பஸ்ஸில் ஏறிப் பல்லடம் வந்து, இன்னொரு பஸ் மாறி, கடைசி இரண்டு மைல் நனைந்துகொண்டே நடந்தேன்.

குழாய்களின் வாயில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போயிற்று. அதன் கூடவே குட்டைக்கு ஓடினேன். கருவேலங்கன்றின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. ராமாத்தாள் அம்மா சாக்கைத் தலைமேல் மடித்துக் கொங்காடை போட்டுக்கொண்டு கரையில் நின்றிருந்தார்.

"வந்துருச்சுங்க" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

"பாதி வந்திருக்குது. மீதி இன்னும் வேலி மேலதான் ஏறிப் போகுது. உங்க மண்ணணை நிக்கலீங்க. இன்னொரு குழாய் வேணுமுங் தம்பி."

வளைவுக்குத் திரும்பி வந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. மூன்றாவது இயந்திரத்துக்காகக் கிரேன் செவ்வாய்க்கிழமை வருவதாக ஏற்பாடு. புதுக் குழாய்க்கு அனுமதி இல்லை. மறுபடி ரோட்டை வெட்டினால் மறுபடி ஐந்து நாள். மழை நின்றுவிட்டால் இந்த வருடத்துத் தண்ணீர் அவ்வளவுதான்.

இந்த முறை முதலில் போன் செய்தேன். நடந்தும் பஸ்ஸிலுமாகப் பல்லடம் பூத்துக்குப் போய், மேனேஜரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். கிரேனைத் தள்ளிப்போட்டால் முதலாளியிடம் பேச வேண்டியது அவர்தான் என்பதையும் சொன்னேன். 

"கெடு எப்படியும் போயாச்சு" என்றார் அவர். "இன்னும் ஒரு வாரம் போனா மெஷினு ஒண்ணும் அழுதுராது. குழாய் ஈரோட்டுல இருந்து இன்னிக்கே கிளப்பி உடறேன். மழையோட மழையா வெட்டிப்போடு. கிரேனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

வரைபடத்தைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு வளைவுக்குத் திரும்பினேன். மூன்றாவது குழாயை முதல் இரண்டுக்கும் இடப்பக்கம் போடுவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன். அங்கே போனால், தண்ணீர் எங்கே முட்டி எங்கே திரும்புகிறது என்று காலையிலிருந்து நின்று பார்த்த ராமாத்தாள் அம்மா, கிராவலின் மேல் கடப்பாரையால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார். நான் நினைத்த இடத்துக்கும் அதற்கும் பத்தடி தள்ளி இருந்தது.

வரைபடத்தை எடுக்கவில்லை. அவர் கிழித்த கோட்டிலேயே வெட்டினோம்.